காரணம் தெரியாமல் செயலிழக்கும் சிறுநீரகங்கள்: கால் நூற்றாண்டாக விடை தேடும் உத்தானம்

புதுதில்லி:

தேசிய டயாலிசிஸ் திட்டத்தை 2016ம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று மக்களவையில் தாக்கல் செய்யப்பட்ட பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அறிவித்தபோது, மாவட்ட மருத்துவமனைகள் தோறும் ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் வரும் என்ற செய்திக்கு அவையில் வரவேற்பு இருந்தது. சிறுநீரகம் செயலிழந்த ஏழை நோயாளி தனியார் மருத்துவமனையில் சொத்தை விற்றுச் செலவழிக்கும் நிலைக்கு அது ஒரு மாற்று. ஆனால், வங்கக் கடலோரம் ஒடிசா எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஒரு நிலப்பகுதியின் மக்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி வேறு. இயந்திரம் வரட்டும், முப்பது வயதில், நாற்பது வயதில், சர்க்கரை நோயும் இல்லாமல், ரத்தக் கொதிப்பும் இல்லாமல் எங்கள் சிறுநீரகங்கள் ஏன் சுருங்குகின்றன என்பதே அந்தக் கேள்வி. இன்றுவரை அதற்கு உறுதியான விடை இல்லை.

அந்தப் பகுதியின் பெயர் உத்தானம். ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் இச்சாபுரம், கவிட்டி, சோம்பேட்டா, கஞ்சிலி, மந்தசா, பலாசா, வஜ்ரபுகொத்தூரு ஆகிய ஏழு மண்டலங்களில் பரந்திருக்கிறது. 'உத்யானவனம்' என்ற சொல்லின் மருவே உத்தானம் என்பர். பெயருக்கேற்ப தென்னையும் முந்திரியும் பலாவும் அடர்ந்த பூமி. பலாசா முந்திரிக்கு நாடெங்கும் சந்தை உண்டு. 1960களின் இறுதியில் ஸ்ரீகாகுளம் விவசாயிகள் எழுச்சியில் இந்தக் கடலோரக் கிராமங்களுக்கும் பங்கு இருந்தது. 2018 அக்டோபர் 11 அன்று கரையைக் கடந்த தித்லி புயல், தலைமுறைகளாக வளர்ந்த தென்னைகளையும் முந்திரி மரங்களையும் ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. வறட்சி பூமியல்ல, தொழிற்சாலைக் கழிவு ஓடும் பூமியும் அல்ல. அதனால்தான் இங்கே இப்படியொரு நோய் ஏன் என்ற வியப்பு மருத்துவர்களுக்கு.

ஓசையின்றி வரும் நோய்

1990களின் பிற்பகுதியிலும் 2000த்தின் தொடக்கத்திலும் விசாகப்பட்டினத்தின் கிங் ஜார்ஜ் மருத்துவமனைக்கு இந்தப் பகுதியிலிருந்து வந்த சிறுநீரக நோயாளிகளின் எண்ணிக்கை மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. அங்கே சிறுநீரகவியல் மருத்துவராகப் பணியாற்றிய டி.ரவிராஜு, கிராமங்களுக்கே சென்று ரத்த மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கினார். நோயாளிகளில் பெரும்பாலோர் விவசாயிகள், தோட்டக் கூலிகள். பெண்களையும் நோய் விட்டுவைக்கவில்லை.

சிறுநீரகத்தைப் பற்றிப் பொதுவாக மக்களுக்குத் தெரிந்த அறிகுறிகள் எதுவும் இந்த நோயில் முதலில் தலைகாட்டுவதில்லை என்பதுதான் இதன் கொடுமை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டியையும் தொடர்ந்து ஒரு நுண்குழாய். வடிந்த நீரிலிருந்து உடலுக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது அதன் வேலை. சர்க்கரை நோய் முதலில் தாக்குவது வடிகட்டியை. வடிகட்டி ஓட்டையானால் புரதம் சிறுநீரில் ஒழுகும். முகமும் காலும் வீங்கும். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். உத்தானத்து நோயோ நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த திசுக்களையும் அரிக்கிறது. புரதம் அதிகம் ஒழுகுவதில்லை. வீக்கம் இல்லை. சிறுநீர் வழக்கம்போல் போகும். பசியின்மை, களைப்பு, குமட்டல் என்று நோயாளி மருத்துவரைத் தேடும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி வேலை நிறுத்தியிருக்கும். சுருங்கிய சிறுநீரகம் மீண்டும் வளராது.

'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று மருத்துவ உலகம் இதற்குப் பெயர் சூட்டியுள்ளது. அறியாமையையே பெயராகக் கொண்ட நோய் இது. நாடெங்கும் உள்ள சிறுநீரக மருத்துவர்கள் பதிவு செய்த 52,273 நோயாளிகளின் விவரங்கள் 2012ல் வெளியாயின. அவர்களில் 31 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயே காரணம். 16 சதவீதம் பேருக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடியவில்லை. இந்தப் பதினாறில் தாமதமாக வந்ததால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போனவர்களும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. காரணம் தேடப்படாததும், தேடியும் கிடைக்காததும் ஒன்றல்ல.

எண்ணுவதிலேயே சிக்கல்

நோயாளிகள் எத்தனை பேர்? மேடைக்கு மேடை எண்ணிக்கை மாறுகிறது. அரசியல்வாதிகள் ஆயிரக்கணக்கில் சாவு என்பார்கள். அரசு அலுவலர்கள் குறைத்துச் சொல்வார்கள். முறையான அறிவியல் கணக்கெடுப்பு ஒன்று 2019ல் வெளியானது. உத்தானத்தில் 2,000க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்த அந்த ஆய்வில், நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு வழக்கமான காரணங்கள் எதுவும் இல்லை. இதை வேறொரு கணக்கோடு ஒப்பிட வேண்டும். இந்தியாவின் பல பகுதிகளில் ஏறத்தாழ 12,500 பேரின் விவரங்களை அலசி அதே ஆண்டில் வெளியான ஒரு கட்டுரை, இவ்வகைக் காரணமற்ற பாதிப்பு தென்னிந்தியக் கிராமப்புறத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டது. நாட்டின் மற்ற இடங்களில் அதைவிடக் குறைவு.

கணக்கெடுப்பு முறையும் எளிதல்ல. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவின் அளவை வைத்தே சிறுநீரகத்தின் திறன் மதிப்பிடப்படுகிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து பிறப்பது. உடல் மெலிந்த, இறைச்சி அதிகம் உண்ணாத ஒரு விவசாயக் கூலிக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும். மேலைநாட்டவர் உடலை அளந்து உருவாக்கிய சூத்திரத்தில் அந்த எண்ணைப் போட்டால், கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகமும் நல்ல சிறுநீரகமாகத் தோன்றும். மேலும், 'நாட்பட்ட' நோய் என்று சொல்ல மூன்று மாத இடைவெளியில் இரு முறை பரிசோதிக்க வேண்டும். முகாம் போட்டு ஒரே நாளில் ஊரையே பரிசோதித்துவிட்டுப் போகும் அரசுத் துறைகளின் புள்ளிவிவரம் ஆய்வாளர்களுக்கு அதிகம் பயன்படாததற்கு இதுவே காரணம்.

சந்தேகப் பட்டியல்

குற்றவாளி யார் என்ற விசாரணையில் முதலில் நிறுத்தப்பட்டது குடிநீர். உத்தானத்து மக்கள் நெடுங்காலமாக நம்பியிருந்தது கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும்தான். நிலத்தடி நீரில் சிலிக்கா மிகுதி, காரீயம் கலந்திருக்கிறது என்று வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு காலங்களில் கூறின. அடுத்தது பூச்சிமருந்தும் களைக்கொல்லியும். அடுத்தது, உடல்வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலிநிவாரணி மாத்திரைகள். இவ்வகை மாத்திரைகள் பல சிறுநீரகத்துக்குக் கேடு என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பிறகு கடும் வெயிலில் நீரின்றி உழைப்பது. பரம்பரைக் கூறு. ஒரே பகுதியில் உறவுக்குள் மணம் முடிப்பது. ஒவ்வொன்றுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. எந்த ஒன்றும் தனியாக நின்று முழுக் கதையையும் விளக்கவில்லை. வெயில்தான் காரணம் என்றால், உத்தானத்தைவிடக் கொதிக்கும் ராயலசீமை ஏன் தப்பித்தது? பூச்சிமருந்துதான் காரணம் என்றால், அதை வாரி இறைக்கும் குண்டூர் மிளகாய், பருத்தி வயல்களில் இதே அளவு நோய் ஏன் இல்லை?

உலகில் இப்படித் தவிப்பது உத்தானம் மட்டுமல்ல. மத்திய அமெரிக்காவில் நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் இளம் வயதிலேயே சிறுநீரகம் இழந்து மடிந்தனர். அங்கே வெப்பமும் கடும் உழைப்புமே முதன்மைக் காரணம் என்ற கருத்து வலுவாக உள்ளது. நிகரகுவாவின் ஒரு பெரிய சர்க்கரை ஆலையில் தொழிலாளருக்குத் தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு ஆகியவற்றை அதிகப்படுத்தியபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது ஆய்வில் பதிவாகியுள்ளது. மருந்து அல்ல, வேலை நிலைமையே சிகிச்சையானது. தொழிற்சங்கங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இலங்கையில் கதை வேறு. அனுராதபுரம், பொலன்னறுவை உள்ளிட்ட வடமத்திய மாகாணத்தின் நெல் விவசாயிகளிடையே 1990களில் இந்நோய் அடையாளம் காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கை அரசும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2013ல் வெளியானபோது, நோயாளிகளின் உடலில் காட்மியம் கூடுதலாக இருந்ததைச் சுட்டியது. பின்னர் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி கடினநீரோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்ற கருதுகோள் எழுந்தது. 2015ல் அரசு அதற்குத் தடை விதித்தது. தேயிலைத் தோட்டங்கள் களையில் மூழ்கின என்ற கூக்குரல் எழ, 2018ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. கருதுகோள் நிறுவப்படவும் இல்லை, முழுவதுமாக மறுக்கப்படவும் இல்லை. இடையில் தடை மட்டும் வந்து போனது. ஆய்வு முடிவதற்கு முன்பே அரசியல் தீர்ப்பு எழுதினால் என்னாகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. 2021ல் சீன உதவியோடு பொலன்னறுவையில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய சிறுநீரக மருத்துவமனை திறக்கப்பட்டது.

இந்தியாவுக்குள்ளும் சத்தீஸ்கரின் காரியாபந்த் மாவட்டத்துச் சுபேபேடா கிராமம், ஒடிசாவில் கட்டாக் மாவட்டத்தின் நரசிங்கபூர், பதம்பா வட்டாரங்கள், கோவாவின் காணகோணா என்று பட்டியல் நீள்கிறது. தமிழகத்திலும் சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2023ல் விவசாயத் தொழிலாளர்களிடையே நடத்திய ஆய்வில், நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல் நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதும், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வழக்கமான காரணங்கள் இல்லாததும் தெரியவந்தன. உத்தானத்தின் அளவுக்கு இல்லை என்றாலும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல.

மேடைகளும் கட்டடங்களும்

உத்தானம் மாநில அரசியலின் மையத்துக்கு வந்தது 2017 ஜனவரியில். திரைப்பட நடிகரும் ஜனசேனா கட்சித் தலைவருமான பவன் கல்யாண் இச்சாபுரத்தில் நோயாளிகளைச் சந்தித்து அன்றைய சந்திரபாபு நாயுடு அரசுக்குக் கெடு விதித்தார். அவ்வாண்டு ஜூலையில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஜோசப் பான்வென்டர் உள்ளிட்ட நிபுணர்கள் விசாகப்பட்டினம் வந்தனர். அரசு டயாலிசிஸ் மையங்களைத் திறந்தது. 2018 மே மாதம் பவன் கல்யாண் இதே பிரச்சினைக்காக 24 மணி நேர உண்ணாவிரதம் இருந்தார். 2019 தேர்தலில் ஆட்சி மாறியது. ஜெகன்மோகன் ரெட்டி அரசு டயாலிசிஸ் நோயாளிகளுக்கான மாத உதவித்தொகையை 10,000 ரூபாயாக உயர்த்தியது; அவ்வாண்டு செப்டம்பர் 6ல் பலாசாவில் 200 படுக்கை மருத்துவமனைக்கும் சிறுநீரக ஆராய்ச்சி மையத்துக்கும் அடிக்கல் நாட்டியது. 2023 டிசம்பர் 14ல் மருத்துவமனையும், வம்சதாரா நதியின் ஹிரமண்டலம் நீர்த்தேக்கத்திலிருந்து உத்தானத்துக்கு நீர் கொண்டுவரும் 700 கோடி ரூபாய்க் குடிநீர்த் திட்டமும் ஒருசேரத் திறந்து வைக்கப்பட்டன. 2024 ஜூனில் மீண்டும் ஆட்சி மாற்றம். சந்திரபாபு நாயுடு முதல்வரானார். கெடு விதித்த பவன் கல்யாண் துணை முதல்வரானார். உத்தானத்துக்காக மக்களவையில் குரல் கொடுத்துவந்த ஸ்ரீகாகுளம் உறுப்பினர் ராம்மோகன் நாயுடு மத்திய அமைச்சரானார். கேள்வி கேட்டவர்களே பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டனர்.

எந்தக் கட்சியும் உத்தானத்தைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது. போட்டி போட்டுக்கொண்டு செய்திருக்கிறார்கள். ஆனால் செய்ததெல்லாம் கட்டடம், குழாய், இயந்திரம், உதவித்தொகை. இவை திறப்புவிழா காணக்கூடியவை. பத்தாண்டு காலம் ஒரே மக்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுக்குத் திறப்புவிழா கிடையாது; இடையில் இரண்டு தேர்தல்கள் வந்துவிடும். பொதுச் சுகாதாரம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளது. மருத்துவ ஆராய்ச்சிக்கான பெரும் நிதியோ இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வழியாக மத்திய அரசின் கையில் உள்ளது. இரண்டுக்கும் நடுவில் விழும் நோய் இது.

வம்சதாரா நீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிலத்தடி நீர்தான் குற்றவாளி என்று நிரூபிக்கப்படாத நிலையில் 700 கோடி ஏன் என்று கேட்போர் உண்டு. கேள்வி தவறு. நல்ல குடிநீர் எந்தக் கிராமத்துக்கும் உரிமை. அதற்கு நோய்ச் சான்றிதழ் வேண்டியதில்லை. அதே சமயம் அரசு தானறியாமலே மிகப் பெரிய பரிசோதனை ஒன்றைத் தொடங்கிவைத்துள்ளது. தலைமுறைகளாக நிலத்தடி நீர் குடித்த மக்கள் ஆற்று நீருக்கு மாறுகிறார்கள். நீர் முதலில் வந்த கிராமங்களிலும் பிறகு வந்த கிராமங்களிலும் வளரும் இளைஞர்களின் கிரியாட்டினின் அளவை ஆண்டுதோறும் பதிவு செய்துவந்தால், நீர்தான் காரணமா இல்லையா என்பது சில ஆண்டுகளில் தெளிவாகும். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கவே முடியாத வாய்ப்பு. பதிவு செய்யத் தவறினால் வாய்ப்பு குழாயோடு ஓடிவிடும். ஜார்ஜ் உலக சுகாதார நிறுவனத்தின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அதன் இயக்குநர் விவேகானந்த் ஜா தலைமையில், இப்பகுதியில் இத்தகைய கள ஆய்வுகளை நடத்திவருபவர்கள். அத்தகைய பணி ஒரு நிறுவனத்தின் ஆர்வத்தை மட்டும் நம்பி இருப்பது சரியல்ல.

மருந்து உண்டா?

டயாலிசிஸ் சிகிச்சை உயிரைத் தாங்கிப் பிடிக்கும், நோயைத் தீர்க்காது. ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். வாரத்துக்கு மூன்று முறை என்பது மருத்துவ விதி. தொலைவும் கூலி இழப்பும் சேர்ந்து பலரை இரண்டு முறையோடு நிறுத்திவிடுகின்றன. நோயாளி மட்டுமல்ல, துணைக்கு வருபவரும் வேலையை இழக்கிறார். சிகிச்சை இலவசமானாலும் பேருந்துக் கட்டணமும் போன நாளின் கூலியும் இலவசமல்ல. வயிற்று உறை வழியாக வீட்டிலேயே சுத்திகரித்துக்கொள்ளும் முறைக்கு 2019ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தூரத்துக் கிராமங்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் தூய்மையான அறையும் பைகளின் தடையற்ற விநியோகமும் வேண்டும்.

எனவே, இயந்திரத்தை எட்டும் முன்பே நோயை மெதுவாக்கும் மருந்துதான் உத்தானத்துக்குத் தேவை. கடந்த சில ஆண்டுகளில் சிறுநீரக மருத்துவத்தில் பெரிய முன்னேற்றம் நிகழ்ந்திருப்பதும் இங்கேதான். சர்க்கரை நோய்க்கென உருவான டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகள், சர்க்கரை நோய் இல்லாதவர்களின் சிறுநீரகத் தேய்மானத்தையும் மட்டுப்படுத்துகின்றன என்று 2020லும் 2022லும் வெளியான இரு பெரும் ஆய்வுகள் காட்டின. முதல் ஆய்வில் 4,304 பேர். இரண்டாவதில் 6,609 பேர். இரண்டாவது ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 13.1 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது அல்லது இதய நோயால் மரணம் நேர்ந்தது; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் இது 16.9 சதவீதம். எம்பாகிளிஃப்ளோசின் மீதான காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் காலாவதியானதும் உள்நாட்டு நிறுவனங்கள் போட்டி போட்டு அதைத் தயாரிக்கத் தொடங்க, விலை வெகுவாகச் சரிந்தது.

உத்தானத்து நோயாளிக்கு இதனால் பயன் உண்டா? இங்கேதான் முடிச்சு. முதல் ஆய்வில் இந்திய நோயாளிகளும் இருந்தனர்; ஆனால் சிறுநீரில் குறிப்பிட்ட அளவு புரதம் ஒழுகுபவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். உத்தானத்து நோயிலோ புரதம் ஒழுகுவதில்லை. இரண்டாவது ஆய்வு புரதம் ஒழுகாதவர்களையும் சேர்த்தது; ஆனால் அது நடந்த எட்டு நாடுகளில் இந்தியா இல்லை. புரதம் ஒழுகாதவர்களிடம் சிறுநீரகத் தேய்மான வேகம் குறைந்தாலும் பலன் மற்றவர்களிடம் தெரிந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. மேலும், இந்த மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்போது உடல் நீரையும் சேர்த்து வெளியேற்றுகின்றன. குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவருக்கு அது பொருட்டல்ல. சித்திரை வெயிலில் முந்திரித் தோப்பில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு நீரிழப்பின் மேல் நீரிழப்பு. நீரிழப்பே நோய்க்கு ஒரு காரணம் என்று சந்தேகிக்கப்படும் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

ஆகவே, பாஸ்டனிலோ ஆக்ஸ்போர்டிலோ கிடைத்த முடிவை அப்படியே எடுத்து மாத்திரைச் சீட்டில் எழுதிவிட முடியாது. மாத்திரை மலிவானது என்பதற்காக எழுதாமல் ஒதுக்கிவிடவும் முடியாது. உத்தானத்துத் தொழிலாளர்களையே கொண்டு, அவர்கள் வேலை செய்யும் வெயிலிலேயே, முறையான ஒப்பீட்டு ஆய்வு நடத்த வேண்டும். நோயாளிகள் அங்கே இருக்கிறார்கள். மருந்து உள்நாட்டில் தயாராகிறது. ஆராய்ச்சி மையம் என்று பெயர்ப்பலகை தாங்கிய கட்டடம் பலாசாவில் நிற்கிறது. சிறுநீரகவியல் நிபுணர்களை நிரந்தரமாக அங்கே பணியமர்த்துவதும், கிராமச் செவிலியர்களுக்கு ரத்த மாதிரி சேகரிப்பில் பயிற்சி அளிப்பதும், பத்தாண்டுகளுக்கான நிதியை ஒரே தவணையில் ஒதுக்குவதும் அமராவதியும் தில்லியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள்.